விண்ணரசி படுத்திருந்த இடம்

தூம்பாறையில் ஐப்பசி மழை ஒன்பது நாளாக விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு நண்பகலில் விண்ணரசி இறந்துபோனாள். அவளைக் குளிப்பாட்டிப் பெட்டியில் வைத்து, கோயிலுக்குக் கொண்டுபோய், சரிவில் இருக்கும் கல்லறைத் தோட்டத்தில் மண்ணைத் தள்ளிவிட்டு எல்லோரும் திரும்பி வந்த பிறகும், அவள் படுத்திருந்த இடம் மட்டும் ஆறாமல் கிடந்தது.

அதை முதலில் தெரிந்துகொண்டது பக்கத்து வீட்டுப் பூனை. மூன்றாம் நாள் காலையில், இறந்தவர் கிடந்த மெத்தையை ஓடைக்கரையில் எரித்துவிடும் ஊர் வழக்கப்படி அதைச் சுருட்டுவதற்காக அவளுடைய கணவன் சூசைராயன் அறைக்குள் நுழைந்தபோது, பூனை மெத்தையின் குழிவில் சுருண்டு கண்ணை மூடிக் கிடந்தது. அவன் அதைத் தூக்கி இறக்கிவிட்டுக் குழிவில் கையை வைத்தான். சூடாக இருந்தது. பூனையின் சூடு என்று நினைத்து, வந்திருந்தவர்களுக்குக் காப்பி கொடுத்து, தம்ளர்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, ஒரு மணி நேரம் கழித்து வந்து மறுபடி கையை வைத்தான். அப்போதும் சூடாக இருந்தது. பிறகு கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் தடவிக்கொண்டே போனான். தோள் இருந்த இடம், முதுகு, இடுப்பு, ஒருக்களித்து மடக்கி வைத்திருந்த முழங்கால்கள், கன்னத்துக்கு அடியில் கொடுத்திருந்த கை, எல்லாம் அப்படியே இருந்தன. அந்த வடிவத்துக்கு உள்ளே உடம்புச் சூடு, ஒரு விரல் தள்ளினால் தூம்பாறையின் குளிர்.

பக்கத்து வீட்டுப் பொம்முத்தாயைக் கூப்பிட்டுக் காட்டினான். அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு தொட்டுப் பார்த்தாள், கொஞ்ச நேரம் கையை எடுக்காமலே நின்றாள். சூடாக இருக்கிறதை எப்படி எரிக்கிறது தம்பி, ஆறட்டும், ஆறினதும் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டு, அடுப்பில் சோறு இருக்கிறதென்று போய்விட்டாள்.

அது ஆறவில்லை.

சூசைராயன் நாற்றுப் போடுகிறவன். பூண்டும் உருளைக்கிழங்கும் விளைகிற அந்த மலையூரில் பிளாஸ்டிக் கூடாரம் போட்டுக் குடைமிளகாய் வளர்க்கிறவர்கள் பெருகியபோது, வெளிக்குளிரில் முளைக்காத அந்த விதைகளை முளைக்கவைத்துக் கொடுக்கும் வேலையை அவன் எடுத்துக்கொண்டான். அதற்காகத் தன் கல்யாணத்துக்கு வந்த இரும்பு பீரோவின் துணி வைக்கும் தட்டுகளைக் கழற்றி, விளக்குகளைத் தொங்கவிட்டு, காற்றுக்குத் துளைபோட்டு, உள்ளே விதை ஊன்றும் குழித்தட்டுகளை அடுக்கினான். ஊரில் அதற்குச் செடி பீரோ என்று பெயர். செடிக்கு வெளிச்சம் எவ்வளவு வேண்டுமோ அவ்வளவுக்கு இருட்டும் வேண்டும், தூங்காத செடி வெளுத்து நீண்டு ஒன்றுக்கும் உதவாமல் போகும் என்பது அவனுக்குத் தெரியும். விளக்கு எரிந்தால் அந்தச் சூடே செடிக்குப் போதும் என்பதால், ஊரே விறைக்கும் இரவு முழுவதும் விளக்கை எரியவிட்டு, காலை பத்து மணிக்கு அணைப்பான். ஆகவே அந்த பீரோவுக்குள் ராத்திரி என்பது பகல் பத்து மணிக்குத் தொடங்கி மாலை ஆறு மணிக்கு முடிந்தது. அந்த எட்டு மணி நேரம்தான் அவனுக்குக் கண்டம். மூடுபனி இறங்கிய நாட்களில் பகலும் குளிர்தான் என்பதால், கவிழ்த்த மண்சட்டிக்குள் ஒரு குண்டு பல்பைச் செருகி, வெளிச்சம் வெளியே கசியாமல் சூடு மட்டும் வரும்படி அடியில் வைத்திருந்தான். ஆனால் மழைக்காலத்தில் மரம் விழுந்து கம்பி அறுவதும் பகலில்தான், மின்சாரத்தை நிறுத்துவதும் பகலில்தான்.

விண்ணரசி வத்தலக்குண்டுக்குக் கீழே வெயிலில் பிறந்தவள். இருபத்தாறு வருடம் மலையில் வாழ்ந்தும் குளிரைத் தன் வீட்டுக்குள் வந்த விருந்தாளி மாதிரிதான் நடத்தினாள். குழந்தை இல்லை என்கிற விசாரம் இரண்டு பேருக்கும் இருந்து, பேசிப் பேசித் தேய்ந்து, கடைசியில் பேசாமலே விட்டுப்போனது. இதயம் வீங்கிவிட்டது என்று டாக்டர் சொன்ன பிறகு நாலு மாதம் அந்தக் கட்டிலில் இடதுபக்கமாகவே படுத்திருந்தாள். சாவதற்கு ஒரு வாரம் முன்னால் அவளுடைய தங்கை ஒரு காகிதப் பொட்டலத்தில் முருங்கை விதை கொண்டுவந்தாள். விண்ணரசி குழித்தட்டை மடியில் வைக்கச் சொல்லி, ஒவ்வொரு குழியிலும் ஒவ்வொரு விதையாக விரலால் அழுத்தினாள். இந்தக் குளிரில் முருங்கை வராது அரசி என்று சூசைராயன் சொன்னான். பீரோவுக்குள்ள வரும்ல, என்றாள் அவள்.

அவள் இறந்த நண்பகலில் நடந்தது ஒன்று, அது சூசைராயனைத் தவிர யாருக்கும் தெரியாது. பத்து மணிக்கு விளக்கை அணைத்தான், பதினொன்றுக்கு மின்சாரம் போய்ச் சட்டிக்குள் இருந்த பல்பும் அணைந்தது. பீரோ நிறைய ஒரு பெரிய தோட்டக்காரருக்கான மிளகாய் நாற்று, இரண்டு நாளில் எடுத்துக்கொண்டுபோக வேண்டியது. அவன் கோணிச் சாக்குகளையும் பழைய கம்பளியையும் பீரோவைச் சுற்றிக் கட்டிக்கொண்டிருந்தபோது பக்கத்து அறையிலிருந்து அவள் கூப்பிட்டாள். இந்தா வந்துட்டேன் என்றான். இன்னொரு முறை கூப்பிட்டாள். இந்தா வந்துட்டேன் என்றான். முடிச்சு நழுவிக்கொண்டே இருந்தது. அவன் கட்டி முடித்துவிட்டுப் போனபோது அவள் அப்படியே ஒருக்களித்துக் கிடந்தாள், கண் வாசலைப் பார்த்திருந்தது, உடம்பும் படுக்கையும் ஒன்றுபோலச் சூடாக இருந்தன. உடம்பு அரைமணி நேரத்தில் ஆறத் தொடங்கியது. மிளகாய் நாற்று ஒன்றுகூடச் சாகவில்லை. மறுவாரம் அவற்றை எடுக்க ஆள் வந்தபோது, இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டு, அத்தனையையும் வேலிக்கு வெளியே கவிழ்த்துக் கொட்டினான்.

முருங்கைத் தட்டு மட்டும் பீரோவில் இருந்தது.

தூம்பாறை அந்தச் சூட்டைப் பழகிக்கொண்டது எப்படியென்றால், மலையில் எதையும் பழகிக்கொள்வதுபோல, அதற்கு ஒரு உபயோகம் கண்டுபிடித்துத்தான். கிராம நர்ஸ் தமிழ்க்கொடி வந்து தெர்மாமீட்டரை மெத்தையில் செருகி எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். தொண்ணூற்றெட்டரை இருந்தது. வேறு என்ன சொல்வதென்று தெரியாமல், காய்ச்சல் இல்லண்ணே, என்றாள். கோயில் உபதேசியார் வந்து, பாவம் தீருவதற்காக உத்தரிக்கிற ஸ்தலத்தில் வேகிற ஆத்துமாவின் சூடாக இருக்குமோ என்று ஒரு சந்தேகத்தைக் கிளப்பினார். இவ்வளவு இதமாகவா அங்கே வேகிறார்கள் என்று பொம்முத்தாய் கேட்டாள். தகவல் போய், பங்குச் சாமியாரே ஒருநாள் ஜீப்பில் வந்தார். கையை வைத்துப் பார்த்தார். ஜெபிக்கப்போகிறார் என்று எல்லோரும் வெளியே நின்றார்கள். வெகுநேரம் ஆகியும் அவர் வராததால் எட்டிப் பார்த்தபோது, ஈரச் சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு இரண்டு பாதங்களையும் மெத்தைமேல் வைத்துக்கொண்டு கண்ணயர்ந்திருந்தார்.

அதற்குப் பிறகு ஊருக்குக் கூச்சம் விட்டுப்போனது. குளிர்காலத்தில் தூம்பாறையில் பால் தோயாது, இட்லி மாவு இரண்டு நாள் வைத்தாலும் பொங்காது; பெண்கள் உறைப் பாத்திரங்களையும் மாவுத் தூக்குகளையும் கொண்டுவந்து விண்ணரசியின் முதுகு இருந்த இடத்தில் வரிசையாக வைத்துவிட்டுப் போனார்கள். கார்த்திகை பிறந்து, அந்த ஊரில் குளிர்காலத்தில் முதல்முறையாக இட்லி பூப்போல வந்தது. மூட்டுவலிக்காரர்கள் முழங்காலை வைக்க வந்தார்கள். ஒருத்தி, கோழி அடையில் இருந்து எழுந்துபோய்விட்டது என்று பதினோரு முட்டைகளைத் துணியில் சுற்றிக்கொண்டு வந்தாள். யாரும் சொல்லாமலே சில விதிகள் ஏற்பட்டன. செருப்பை வெளியே விட வேண்டும். கன்னம் இருந்த இடத்தில் எதையும் வைக்கக் கூடாது. வைக்கிறபோதும் எடுக்கிறபோதும் அவளிடம் சொல்ல வேண்டும். ஆகவே வருகிறவர்கள் எல்லோரும், விண்ணரசி, இந்தா வைக்கிறேன், விண்ணரசி, எடுத்துக்கிட்டேன் என்று சொன்னார்கள். சொன்னவர்கள் அதோடு நிறுத்தவும் இல்லை. மகளுக்கு வந்த வரனைப் பற்றிச் சொன்னார்கள், மாமியார் செய்கிற அழும்பைச் சொன்னார்கள். குழாயடியில் அவளோடு சண்டை போட்டு ஆறு வருடமாகப் பேசாமல் இருந்த ஒருத்தி காலித் தூக்கோடு வந்து, ஒன்றையும் வைக்காமல், கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து அழுதுவிட்டுப் போனாள்.

சூசைராயன் மட்டும் அவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. ஊரே பேசுவதைப் பக்கத்து அறையில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தான். இரவில், பாத்திரங்கள் எல்லாம் போன பிறகு, இத்தனை வருடம் படுத்த தன் பக்கத்தில் படுத்து, கையை மட்டும் நீட்டி அவள் இடுப்பு இருந்த இடத்தில் வைத்துக்கொண்டு தூங்கினான். அந்தக் குழிவில் ஒருநாளும் அவன் படுத்ததில்லை.

பன்னிரண்டு விதையில் எட்டு முளைத்தன. முளைத்த வாரமே மின்சாரம் ஒன்றுவிட்டு ஒருநாள் போகத் தொடங்கியது. பகல் பத்து மணிக்கு விளக்கை அணைத்துவிட்டு, சட்டிப் பல்பும் இல்லாமல், இருட்டுக்குள் கையை விட்டுப் பார்த்துக்கொண்டிருந்த அவனிடம், அந்தச் சூட்டில் கொஞ்சம் எடுத்து உள்ளே வைத்தால் என்ன என்று பொம்முத்தாய்தான் கேட்டாள். அவன் இரண்டு நாள் யோசித்தான். பிறகு கத்தரிக்கோலை எடுத்து, தோள் இருந்த இடத்தைக் குழித்தட்டின் அளவுக்கு வெட்டி, பஞ்சு உதிராமல் விண்ணரசியின் ஊசியால் ஓரம் தைத்தான். வெட்டிய துண்டு ஆறவில்லை. அன்று முதல் காலை பத்து மணிக்கு அந்தத் துண்டு பீரோவுக்குள் போய் முருங்கைக் கன்றுகளுக்கு அடியில் கிடக்கும். மாலை ஆறு மணிக்கு விளக்கைப் போட்டதும் அதை எடுத்துவந்து மெத்தையின் ஓட்டையில் பொருத்துவான். கன்றுகள் காசு அளவு இலைகளை இரண்டு பக்கமும் விரித்துக்கொண்டு நின்றன.

மார்கழி நடுவில் தமிழ்க்கொடி மறுபடி தெர்மாமீட்டரை வைத்தாள். தொண்ணூற்றேழுதான் இருந்தது. அடுத்த வாரம் தொண்ணூற்றாறரை. பொங்கிய மாவும் பொரிந்த குஞ்சுகளும் தோய்ந்த பாலும் அதிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொண்டு போயிருக்கின்றன என்று எல்லோருக்கும் புரிந்தது. யாரும் கூட்டம் போடவில்லை, தண்டோரா போடவில்லை. மறுநாள் காலையில் ஒரு தூக்கும் வரவில்லை. தூம்பாறை மறுபடியும் கல் மாதிரி இட்லி தின்றது. முழங்கால்காரர்கள் வாசலில் நின்று, விண்ணரசி, நல்லா இருக்கியா, என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார்கள்.

மார்கழி கடைசியில், மழைக்காலம் முடிந்துவிட்டது என்று எல்லோரும் நினைத்திருந்தபோது, புயல் ஒன்று வந்து இரண்டு நாள் மலையை உலுக்கியது. கீழே போகிற சாலை மூன்று இடத்தில் சரிந்தது. மின்கம்பங்கள் சாய்ந்தன, செல்போன் கோபுரமும் ஊமையானது. மழை விட்டதும் வானம் வெளுத்து, உறைபனி விழுந்தது. புல் எல்லாம் உப்புத் தூவினது மாதிரி கிடந்தது. பீரோவுக்கு இப்போது விளக்கு இல்லை, பகலும் இரவும் அதற்கு ஒன்றே. சூசைராயன் தோள் துண்டை உள்ளேயே வைத்துவிட்டான், வெளிச்சத்துக்காக நண்பகலில் மட்டும் கதவை ஜன்னல் பக்கம் திறந்துவைத்தான்.

பூண்டு பிடுங்க ராமநாதபுரத்துப் பக்கமிருந்து வந்து தகரக் கொட்டகையில் தங்கியிருந்தவர்களில் முனீஸ்வரி என்று ஒரு பெண் இருந்தாள், இருபது வயது, ஏழு மாதக் கர்ப்பிணி. சாலை சரிந்த மறுநாள் காலையில் அவளுக்கு வலி வந்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வழியில்லை. தமிழ்க்கொடி கொட்டகையிலேயே பிரசவம் பார்த்தாள். பெண் குழந்தை, ஒரு சுரைக்காய் எடைகூட இல்லை, தோலுக்கு அடியில் நரம்பு தெரிந்தது. தாய்க்கு ரத்தம் நிறையப் போய், எத்தனை போர்வை போட்டும் நடுக்கம் நிற்காமல் விறைத்துக் கிடந்தாள். குழந்தையைத் தகப்பன் அழகுராசாவின் சட்டையைக் கழற்றச் சொல்லி அவன் நெஞ்சோடு வைத்துப் பார்த்தாள் தமிழ்க்கொடி. பயத்தில் அவன் உடம்பும் சில்லிட்டிருந்தது. அடுப்புப் பக்கம் கொண்டுபோனால் கொட்டகை முழுக்கப் புகை. குழந்தையின் உதடு நீலமாகிக்கொண்டு வந்தபோது, அவள் அதைத் தன் ஸ்வெட்டருக்குள் விட்டுக்கொண்டு மேட்டில் ஏறி ஓடிவந்தாள்.

சூசைராயன் வாசலில் நின்றான். அவள் என்ன கேட்க வந்திருக்கிறாள் என்று அவள் கேட்பதற்கு முன்னாலேயே அவனுக்குத் தெரிந்துவிட்டது. அறைக்குளிரில் மெத்தைச் சூடு அடியில் மட்டும்தான் படும், குழந்தைக்கு மூடிவைக்கிற பீரோதான் வேண்டும்.

"பீரோல செடி இருக்கு," என்றான்.

தமிழ்க்கொடி ஸ்வெட்டர் கழுத்தைக் கொஞ்சம் இறக்கிக் காட்டக்கூட இல்லை. மூச்சு வாங்க, அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்குப் பின்னால், ஓடிவந்ததைப் பார்த்துவிட்டு, வீட்டுக்கு ஒருவராகச் சனங்கள் வந்து நின்றார்கள். சூசைராயனுக்குத் தான் சொன்ன வார்த்தை தன் காதிலேயே திரும்பி விழுந்தது. அன்றைக்கும் பீரோவில் செடிதான் இருந்தது.

அவன் உள்ளே போய்த் தட்டை வெளியே எடுத்தான். ஜன்னல் அருகே வைத்தால் ஒரு மணி நேரம் தாங்காது, மெத்தையில் மிச்சமிருக்கும் சூடு குழந்தைக்கு வேண்டும் என்று அவனுக்குத் தெரியும். பொம்முத்தாய் வந்து ஒரு கன்றை மண்ணோடு பெயர்த்துக் கொட்டாங்கச்சியில் வைத்துத் தன் அடுப்பங்கரைக்குக் கொண்டுபோனாள்; அதைப் பார்த்து மற்றவர்களும் ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு போனார்கள். தமிழ்க்கொடி பீரோவின் அடிப்பகுதியைத் துடைத்து, தோள் துண்டின்மேல் வெள்ளைத் துணியை விரித்து, குழந்தையை அதில் கிடத்தினாள். கதவை விரற்கடை அளவு திறந்துவைத்தாள். ஒரு மணி நேரத்தில் உதட்டு நீலம் விலகியது. சாயங்காலம், எலி கீச்சிடுவது போல ஒரு சத்தம் வந்தது. தெருவில் நின்றவர்கள் அதைக் கேட்டுவிட்டுத்தான் வீட்டுக்குப் போனார்கள்.

சாலை பதினோரு நாள் திறக்கவில்லை. அந்தப் பதினோரு நாளும் பீரோவுக்குள் இருட்டுதான். முனீஸ்வரியைக் கொட்டகையில் இருந்து தூக்கிவந்து கட்டிலில் சூசைராயன் படுக்கிற பக்கத்தில் படுக்கவைத்தார்கள். பாலைப் பீய்ச்சிப் பாலாடைச் சங்கில் எடுத்துக் குழந்தைக்குச் சொட்டுச் சொட்டாக விட்டார்கள். இரண்டாம் நாள் தோள் துண்டு ஆறிவிட்டது. தமிழ்க்கொடி தெர்மாமீட்டரைக் காட்டினாள், துண்டில் இறங்கினது குழந்தையில் ஏறியிருந்தது. சூசைராயன் கத்தரிக்கோலை எடுத்து முதுகை வெட்டினான். அது மூன்று நாள் வந்தது. பிறகு இடுப்பை வெட்டினான், இரவெல்லாம் அவன் கை வைத்துப் படுத்த இடம். பிறகு முழங்கால்களை. ஒவ்வொரு துண்டுக்கும் ஓரம் தைத்தான், அவசரத்திலும் தைத்தான். ஆறின துண்டுகளைச் சுவர் ஓரமாக அடுக்கினான். அவை வெறும் இலவம்பஞ்சுத் துண்டுகளாக இருந்தன, அவனால் எது தோள் எது இடுப்பு என்று அடையாளம் சொல்ல முடியவில்லை.

அதற்கு நடுவில் கன்றுகளைக் கொண்டுபோனவர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். அடுப்புச் சூட்டில் ஒன்று வாடிப்போனது, ஒன்றை இரவுப் பனி கருக்கியது, ஒன்றை ஆடு எட்டித் தின்றது. சாவுச் செய்தி சொல்வதுபோல வாசலில் நின்று தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்கள். பொம்முத்தாய் சொல்லிவிட்டு அழுதாள். ஏழு பேர் வந்து சொன்னார்கள். எட்டாவது கன்றைக் கொண்டுபோனவர் வரவும் இல்லை, அவன் போய்க் கேட்கவும் இல்லை.

பத்தாம் நாள் மெத்தையில் மிச்சம் இருந்தது கன்னமும் அதற்கு அடியில் கொடுத்திருந்த கையும் கிடந்த இடம் மட்டும். ஊரில் ஒருவரும் ஒரு பாத்திரமும் வைக்காத இடம். வெட்டிய பிறகு பார்த்தால் அது ஒரு தலையணை உறை அளவுகூட இல்லை. சூசைராயன் அதைக் குழந்தைக்கு அடியில் வைத்துவிட்டு, பீரோவுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து, திறந்திருந்த இடைவெளி வழியாகக் கையை உள்ளே விட்டு, துண்டின் ஓரத்தைத் தொட்டுக்கொண்டிருந்தான். பகல் மூன்று மணி இருக்கும். முனீஸ்வரி பக்கத்து அறையில் தூங்கிக்கொண்டிருந்தாள், அழகுராசா சாலையில் மண் அள்ளுகிறவர்களோடு போயிருந்தான். சூடு அவன் விரலுக்கு அடியில் மெல்லக் குறைந்துகொண்டிருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் போனால் சொல்வதற்கு ஆள் இருக்காது என்று அவனுக்குத் தோன்றியது.

"அரசி," என்றான். அவள் செத்த பிறகு அவளிடம் அவன் பேசிய முதல் வார்த்தை அது. "நீ கூப்பிட்டது எனக்குக் கேட்டுச்சு. ரெண்டு தடவையும் கேட்டுச்சு."

பிறகு அவனால் நிறுத்த முடியவில்லை. முடிச்சு நழுவிக்கொண்டே இருந்ததைச் சொன்னான். கேட்டதும் போட்டுவிட்டு வந்திருக்கலாம், பிழைப்பு போய்விடும் என்று நினைத்தேன், நீ எப்போதும் கூப்பிடுகிறமாதிரி தண்ணிக்குத்தான் கூப்பிடுகிறாய் என்று நினைத்தேன் என்று சொன்னான். எதற்குக் கூப்பிட்டாய் என்று கேட்டான். தண்ணியா, மூச்சு முட்டியதா, அல்லது சும்மா பக்கத்தில் இருக்கச் சொல்லவா என்று ஒவ்வொன்றாகக் கேட்டான். இருட்டுக்குள் குழந்தை ஒருமுறை கொட்டாவி விட்டது. அவன் கையை எடுக்கவில்லை. ஆறு மணிவாக்கில் தமிழ்க்கொடி வந்து விளக்கைப் பிடித்துப் பார்த்தபோது, துண்டு மற்றத் துணிகளைப் போல ஆகிவிட்டிருந்தது, குழந்தை தொண்ணூற்றெட்டரையில் இருந்தது. அவள் குழந்தையை எடுத்துக் கொண்டுபோய் முனீஸ்வரியின் மாரில் போட்டாள். இனிமே தாய்ச் சூடு போதும்ண்ணே, என்றாள். முனீஸ்வரியின் நடுக்கம் நின்று இரண்டு நாள் ஆகியிருந்தது.

மறுநாள் சாலை திறந்தது. குழந்தையைப் பெரிய ஆஸ்பத்திரியில் காட்டிவிட்டு அப்படியே ஊருக்குப் போய்விடுவது என்று அவர்கள் முடிவு செய்தார்கள். இந்த மலைப்பக்கமே இனி வேண்டாம் என்று அழகுராசா சொன்னான், அதைத் தப்பாக யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. ஜீப் வாசலில் வந்து நின்றது. முனீஸ்வரி குழந்தையைச் சேலைக்குள் கட்டிக்கொண்டு சூசைராயனிடம் வந்தாள்.

"விண்ணரசி அம்மா பேரையே பிள்ளைக்கு வச்சிரலாம்னு இருக்கோம்யா."

வேண்டாம் தாயி, என்றான். ஏன் என்று அவள் கேட்கவில்லை, ஆனால் முகம் வாடிவிட்டது. அதனால் அவன் சொன்னான்.

"அவ கூப்பிட்டு நான் போகல. அந்தப் பேரச் சொல்லி நீ கூப்பிடுறப்ப உன் பிள்ள ஓடி வரும். அத நெனச்சுக்கிட்டு எனக்கு இங்க இருக்க முடியாது. உங்க வீட்டுப் பேரா ஒண்ணு வையி."

அவள் புரிந்ததா இல்லையா என்று தெரியாதபடி தலையை ஆட்டினாள். பிறகு அவன் கையைப் பிடித்துச் சேலைக்குள் கொண்டுபோய்க் குழந்தையின் முதுகில் வைத்தாள். உள்ளங்கையளவு முதுகு. சூசைராயன் கண்ணை மூடிக்கொண்டான். ஜீப்காரன் ஹாரன் அடிக்கும் வரைக்கும் அப்படியே நின்றான். பிறகு அவர்கள் போனார்கள். கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் ஜீப்பின் சத்தம் கேட்டு, கீழே கீழே போய், நின்றுபோனது. அந்தக் குழந்தைக்கு என்ன பெயர் வைத்தார்கள் என்று தூம்பாறைக்கு இன்றுவரை தெரியாது.

மெத்தையில், ஒருக்களித்துப் படுத்த ஒரு பெண்ணின் அளவுக்கு ஓட்டை இருந்தது. சுற்றியிருந்த பஞ்சு நல்ல பஞ்சுதான் என்று கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தான். அவர்கள் தலையணைக்கு அடைத்துக்கொண்டார்கள், சிலர் காதை வைத்துக்கூடப் பார்த்தார்கள், அதில் ஒன்றும் இல்லை. நாற்பது நாள் அவன் பீரோவைத் திறக்கவில்லை. மாசி நடுவில் ஒருநாள் கூடாரக்காரர் ஒருவர் வந்து வாசலில் நின்று, நாற்று கிடைக்குமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். போடுகிறேன் என்றான்.

விளக்குகளைத் துடைத்து மாட்டினான். குழித்தட்டுகளில் மிளகாய் விதையை இட்டான். இந்தமுறை சட்டிப் பல்பை அவன் நம்பவில்லை. காலை பத்து மணிக்கு விளக்கை அணைத்துவிட்டு, அடுப்பில் ஒரு குண்டானில் வெந்நீர் காய்ச்சி, பழைய பாட்டில்களில் ஊற்றி இறுக மூடி, ஒவ்வொன்றையும் துணியில் சுற்றி, இருட்டுக்குள் தட்டுகளுக்கு நடுவே படுக்கவைத்தான். ஒரு மணிக்கெல்லாம் அவை ஆறிப்போயின. வெளியே எடுத்து, ஆறின தண்ணீரைக் குண்டானில் கொட்டி, மறுபடியும் அடுப்பை மூட்டினான்.